90 பக்கத்தை 64 ஆக்க வேண்டும்: எந்தச் சொல்லை எடுக்க, எதை விட?

கால்வாய்க்கரை (பாளையங்கோட்டை), சனி இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு இந்த வருஷம் 75 நிறைகிறது. மலர் போடுகிறோம். பழைய மாணவர்கள், வாத்தியார்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று 31 பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தட்டச்சு செய்து பார்த்தால் 90 பக்கம் வருகிறது. அச்சகத்தில் 64 பக்கத்துக்குத்தான் பேசியிருக்கிறோம். திருத்துகிற பொறுப்பு என்னிடம்.

யாருடைய கட்டுரையையும் முழுதாகத் தூக்க மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் ஆசையாக எழுதியது. அதனால் வரிவரியாகக் குறைக்க உட்கார்ந்தேன். முதல் கட்டுரையில் முதல் வரி இது:

"எங்கள் கிராமத்தில் ஆண்டுதோறும் ஒவ்வொரு வருடமும் வைகாசி மாதத்தில் நடைபெறும் அம்மன் கோவில் கொடை விழாவானது சுமார் மூன்று நாட்கள் வரை மிகவும் வெகு விமரிசையாக நடைபெறுவது வழக்கமாக இருந்து வருகிறது."

23 சொல். நான் மாற்றியது:

"எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடை வைகாசியில் மூன்று நாள் நடக்கும்."

9 சொல். எதுவும் விட்டுப்போகவில்லை என்றுதான் நினைத்தேன். இப்படியே ராத்திரி முழுக்க ஆறு கட்டுரை பார்த்தேன். காலையில் எடுத்துப் படித்தால் ஆறு பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்கள். முதல் வகுப்பில் முதலில் சேர்ந்த பெரியவர் ஒருவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதிக் கொடுத்த கட்டுரை ஒன்று உண்டு. அதில் அவர் குரலே இல்லை. நான்தான் இருக்கிறேன். எதை எடுக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈய எழுத்து (நெல்லை டவுன்), சனி இரவு 11.02

தம்பி, நான் அச்சகத்தில் 22 வருஷம் கையால் ஈய எழுத்துக் கோத்தவன். அந்த நாளில் ஒரு சொல் கூடுதலாக இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். "நடக்கும்" என்பதை ஐந்து அச்சில் முடித்துவிடலாம். "நடைபெறுவது வழக்கமாக இருந்து வருகிறது" என்று கோக்க இருபதுக்கு மேல் எழுத்து எடுக்கணும். அப்புறம் அத்தனையையும் பிரித்துத் திரும்ப எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போடணும்.

பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 16 பக்கம் ஒரு ஃபாரம். 64 என்றால் நாலு ஃபாரம். 65-ஆவது பக்கம் ஒன்று வந்தாலும் ஐந்தாவது ஃபாரத்துக்குத் தாள் போடணும். அதனால் 68, 70 என்று இழுக்காதீர்கள்.

என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது வரியின் வால். மலர்க் கட்டுரைகளில் சதை எங்கே போட்டிருக்கும் என்றால் வினையில்தான். பார்வையிட்டார் என்றால் போதும், "பார்வையிடும் பணியை மேற்கொண்டார்" என்று இருக்கும். போனார் என்பது "பயணம் மேற்கொண்டார்" ஆகும். மரம் நிற்கிறது என்பது "மரம் காணப்படுகிறது" ஆகும். "என்பது குறிப்பிடத்தக்கதாகும்" என்று முடிகிற வரி எல்லாவற்றிலும் அந்த வாலை நறுக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். குறிப்பிட்டாகிவிட்டதே, அப்புறம் என்ன குறிப்பிடத்தக்கது?

அடுத்தது முதல் பத்தி. நம் ஆட்கள் கட்டுரையை மேடைக்கு ஏற்றுமுன் மாலை மரியாதை எல்லாம் செய்வார்கள். கல்வியின் பெருமை, குருவின் பெருமை, தாமிரபரணியின் பெருமை. 31 பேரும் அதைச் செய்திருப்பார்கள். ஒருவருடையதை மட்டும் விட்டுவிட்டு மற்ற 30 பேருக்கும் இரண்டாம் பத்தியில் இருந்து தொடங்குங்கள். எனக்குத் தெரிந்து பத்துப் பக்கம் அதிலேயே போகும்.

வடலி (ஏரல் பக்கம்), ஞாயிறு காலை 6.40

வெட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. சரியான சொல் கிடைக்காததால்தான் பாதி இடத்தில் சொல் கூடுகிறது.

எங்கள் தாத்தா பனையேறி. எங்கள் ஊர் மலர் ஒன்றில் ஒரு வரி வந்தது: "பனை மரத்தில் இருந்து இறக்கப்பட்ட பதநீரைப் பெரிய அடுப்பில் ஊற்றிக் காய்ச்சிக் கருப்பட்டி தயாரிப்பதற்காக அமைக்கப்பட்ட சிறிய ஓலைக் குடிசையில் நாங்கள் விளையாடுவோம்." இதைச் சொல் சொல்லாகச் சுரண்டிக் குறைத்தால் ஒன்றிரண்டு போகும். விஷயம் அதில் இல்லை. அந்தக் குடிசைக்குப் பேர் விடிலி. "விடிலியில் விளையாடுவோம்." அவ்வளவுதான். அடுப்பும் புகையும் கொதிக்கிற பதனி வாசமும் அந்தப் பேருக்குள்ளேயே இருக்கிறது.

அதே மாதிரிதான் "சிறிய இளம் பனங்கன்று". வடலி. "அதிகாலையில் சீக்கிரமாகவே எழுந்து". வெள்ளென எழுந்து. குறுகலான சந்துப் பாதை என்று எழுதுவார்கள், முடுக்கு என்றால் எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். எழுதியவருக்கும் இந்தச் சொற்கள் தெரியும். வாயில் இருக்கிறது. பேனா பிடித்தவுடன் இது எழுத்துத் தமிழ் இல்லையோ என்று ஒரு பயம் வந்து நாலு சொல்லாகப் பிரித்து எழுதிவிடுகிறார்கள். அவர்களிடம் போன் போட்டு, "அதை நீங்க வீட்ல என்ன சொல்லுவீய?" என்று கேளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் கொடை வரியில் ஒன்று. நம் பக்கம் கொடை "நடப்பது" இல்லை, அம்மனுக்குக் கொடை கொடுப்பார்கள். கொடு இரண்டு தரம் வருகிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதுதான் அந்தச் சொல்லுக்கு உரிய வினை.

சாரல்நேரம் (தென்காசி), ஞாயிறு காலை 8.10

வடலி சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு கேள்வியும் இருக்கிறது. இந்த மலரைப் படிக்கப் போவது யார்? ஊரில் இருப்பவர்கள் மட்டுமா, சென்னையிலும் திருப்பூரிலும் பிறந்து வளர்ந்த பேரப் பிள்ளைகளுமா? நமக்குக் "கொடை" என்றாலே திருவிழா. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடை என்றால் நன்கொடை. அவர்களுக்குக் "கொடை விழா"வில் விழா மிகைச்சொல் இல்லை, அதுதான் கைகாட்டி.

எங்கள் ஊரில் இந்தச் சிக்கல் தினமும் உண்டு. சாரல் என்றாலே எங்களுக்கு அந்த மெல்லிய மழைதான். வெளியூர்ப் பத்திரிகையில் "லேசான சாரல் மழைத் தூறல்" என்று போடுவார்கள். அருவியை "நீர்வீழ்ச்சி" என்பார்கள். ஐந்தருவி என்று பேரிலேயே இருக்கும்போது "ஐந்தருவி நீர்வீழ்ச்சி" என்று பலகை வைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. ஆனாலும் முதல் தடவை வருகிறவருக்கு ஒரு பிடி வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என் யோசனை: முதல் இடத்தில் மட்டும் வரிக்குள்ளேயே விளங்க வைத்துவிடுங்கள். "பதனி காய்ச்சுகிற விடிலிக்குப் போவோம்" என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அப்புறம் வெறும் விடிலி போதும். அடைப்புக்குறி போட்டு விளக்கம் எழுதினால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

வடலி (ஏரல் பக்கம்), ஞாயிறு காலை 8.25

சரி. அது நியாயம்தான்.

அம்பை டீச்சர், ஞாயிறு மதியம் 1.30

34 வருஷம் தமிழ்ப் பாடம் நடத்தியவள் என்கிற உரிமையில் நீளமாகவே எழுதுகிறேன்.

நன்னூல் நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்று சொல்கிறது. அதில் முதல் மூன்று குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல். 13-ஆம் நூற்றாண்டில் சொன்னது. எல்லோருக்கும் மிகைபடக் கூறல் நினைவில் இருக்கிறது. குன்றக் கூறல் அதற்கும் முன்னால் நிற்கிறது என்பது மறந்துபோகிறது. வேண்டியதை விடக் குறைத்துச் சொல்வதும் குற்றம்தான். தம்பி ஆறு கட்டுரையில் செய்தது அதுவாக இருக்கலாம்.

அதே நன்னூல் இன்னோர் இடத்தில் "ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழா" என்கிறது. ஒரே பொருள் தரும் இரண்டு சொல் சேர்ந்து வந்தாலும், ஒரு சிறப்புக்காக வந்தால் அது வழு ஆகாது. மீமிசை ஞாயிறு என்பது வகுப்பில் நான் சொல்லும் எடுத்துக்காட்டு. மீ என்றாலும் மேல், மிசை என்றாலும் மேல். உயர்ந்தோங்கு பெருமலை என்பதிலும் உயர்வும் ஓங்கலும் ஒன்றே. அண்ணாந்து பார்க்கிற அந்த உயரம் ஒரு சொல்லில் வராது. பாபநாசத்தில் நின்று பொதிகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே கேட்க வேண்டியது "இது இரண்டு தரம் வருகிறதா" என்பது அல்ல. இரண்டாவது சொல் ஏதாவது செய்கிறதா என்பது. "மிகவும் வெகு விமரிசையாக" என்பதில் மிகவும் ஒன்றும் செய்யவில்லை. எடுத்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல ஆசை, நம் மண்ணுக்கு உரியது. நன்னூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அந்த உரையைப் பிற்காலத்தில் எடுத்துத் திருத்தியவர் சிவஞான முனிவர். அவர் பிறந்தது விக்கிரமசிங்கபுரம், 18-ஆம் நூற்றாண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினார். ஆனால் இன்றைக்கும் அதை எடுத்தால் சங்கர நமச்சிவாயர் உரை, சிவஞான முனிவர் திருத்தியது என்று இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறோம். திருத்தியவர் பேர் எழுதியவர் பேரை மூடவில்லை. தம்பி செய்யப்போவதும் அந்த வேலைதான்.

ஈய எழுத்து (நெல்லை டவுன்), ஞாயிறு மதியம் 2.05

டீச்சர் சொன்னது செய்யுளுக்குப் பொருந்தும். உரைநடையில் "சிறப்பு" என்று ஒரு கதவைத் திறந்தால் எல்லோரும் அதன் வழியாக வந்துவிடுவார்கள். "அழகிய எழில்மிகு வனப்பான" என்று மூன்றும் போட்டுவிட்டு ஒருபொருட் பன்மொழி என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்டுகிற பக்கம்தான் சாய்வு.

முடுக்குவீடு (மேலப்பாளையம்), ஞாயிறு மாலை 5.50

அண்ணாச்சிக்குப் பதிலாக இல்லை, எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வாப்பா வேலைக்காக வெளிநாடு போய் நாலு வருஷம் வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி ஓர் இதழுக்கு எழுதினேன். அதில் ஒரு வரி: "'வருவார், வருவார்' என்று உம்மா நாலு வருஷம் சொன்னார்கள்." அச்சில் வந்தபோது "'வருவார்' என்று உம்மா நாலு வருஷம் சொன்னார்கள்" என்று இருந்தது. கேட்டதற்கு, ஒரே சொல் இரண்டு முறை இருந்தது, ஒன்றை எடுத்தோம் என்றார்கள்.

பொருள் மாறவில்லை. ஆனால் உம்மா ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இல்லை. அடுப்படியில் நின்று சொல்வார்கள், எங்களுக்குச் சொல்லி முடித்துத் தனக்கும் ஒரு தடவை சொல்லிக்கொள்வார்கள். அந்த இரண்டாவது "வருவார்" அவர்கள் தனக்குச் சொல்லிக்கொண்டது. அதைத்தான் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தை நான் உம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

அம்பை டீச்சர், ஞாயிறு மாலை 6.20

தம்பி, இதற்கும் நன்னூலில் இடம் இருக்கிறது. அசைநிலை, பொருள்நிலை, இசைநிறை ஆகியவற்றுக்காக ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கும் என்கிறது. பொருள்நிலை என்பதற்கு உரைகாரர்கள் சொல்வது விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம். பாம்பு பாம்பு என்கிறோம் அல்லவா, அது அச்சம். உங்கள் உம்மாவின் "வருவார், வருவார்" அவலம். அது கூறியது கூறல் இல்லை. அதை எடுத்தவர் இலக்கணப்படியும் தவறுதான் செய்திருக்கிறார்.

ஈய எழுத்து (நெல்லை டவுன்), ஞாயிறு மாலை 6.45

முடுக்குவீடு தம்பி, இந்த வரியை நான் கோத்திருந்தால் இரண்டையும் விட்டிருப்பேன். மதியம் எழுதியதில் ஒரு பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெயரடைகளை அடுக்கினால் வெட்டுவேன். மனிதர் வாயில் இருந்து வரும் சொல் அடுக்கினால் நிறுத்தி யோசிப்பேன்.

சாரல்நேரம் (தென்காசி), ஞாயிறு இரவு 8.30

நடுவில் ஒரு சின்ன விஷயம். பேச்சில் நடு சென்டர், கேட்டு வாசல், ஏடிஎம் மெஷின் எல்லாம் சொல்கிறோம். கட்டுரையில் அப்படி வந்தால் திருத்துவீர்களா? நான் உரையாடலுக்குள் இருந்தால் விட்டுவிடுவேன், மற்ற இடத்தில் ஒன்றை எடுத்துவிடுவேன். ஆனால் அரைஞாண் கயிற்றைத் தொட மாட்டேன். ஞாண் என்றாலே கயிறுதான், இருந்தாலும் வெறும் அரைஞாண் என்றால் இன்று பாதிப் பேருக்கு விளங்காது. பழைய சொல்லின் பொருள் மங்கிப்போன இடத்தில் புதுச் சொல் வந்து தாங்கிப் பிடிக்கிறது.

கால்வாய்க்கரை (பாளையங்கோட்டை), திங்கள் இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக மறுபடி முதலில் இருந்து பார்க்கிறேன். வால்களையும் முதல் பத்திகளையும் எடுத்ததில் 90 என்பது 73 ஆகிவிட்டது. அண்ணாச்சி கணக்குச் சரி.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லக் கூடாது என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பலன்: ஒரு கட்டுரையில் தலைமையாசிரியர் முதல் வரியில் "தலைமையாசிரியர்", அடுத்த வரியில் "அன்னார்", அப்புறம் "ஆசான்", "பெருந்தகை", கடைசியில் "நல்லாசிரியர்". எனக்கே ஐந்து பேர் இருந்த மாதிரி ஆகிவிட்டது. இதை என்ன செய்ய?

இரண்டாவது, பெரியவர் கட்டுரை. அவர் சொன்னது அப்படியே:

"அப்போ எங்களுக்குப் பள்ளிக்கூடம்னா வேப்பமரம்தான். வேப்பமரத்தடியிலதான் பள்ளிக்கூடம் நடக்கும். மழை வந்தா பள்ளிக்கூடம் கிடையாது. மழை வருமா மழை வருமான்னு வானத்தையே பார்த்துக்கிட்டு இருப்போம். வாத்தியாரும் வானத்தைப் பார்ப்பாரு. அவருக்கும் மழை வேணும், அவருக்கு வயல் கிடந்துச்சு."

நான் முதலில் ஆக்கியது: "பள்ளி வேப்பமரத்தடியில் நடந்தது. மழை பெய்தால் விடுமுறை. ஆசிரியருக்கு வயல் இருந்ததால் அவரும் மழையை எதிர்பார்த்தார்."

அம்பை டீச்சர், திங்கள் இரவு 10.00

முதல் கேள்விக்கு: ஒரே ஆள் என்றால் ஒரே பேர். "பெரிய வாத்தியார்" என்று ஊரில் சொல்வார்கள் என்றால் கடைசி வரை பெரிய வாத்தியார்தான். பேர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று தோன்றினால் மாற்றுச் சொல் தேடாதீர்கள், எழுவாயையே விட்டுவிடுங்கள். தமிழில் அந்த வசதி இருக்கிறது. "வந்தார்" என்பதில் "அவர்" இருக்கிறார். "அவர் வந்தார், அவர் அமர்ந்தார், அவர் பேசினார்" என்று எழுத வேண்டியதில்லை. வந்தார், உட்கார்ந்தார், பேசினார். "நான் போனேன்" என்பதில் நான் என்பதற்கு அழுத்தம் வேண்டும் என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண் வந்தால் கள் விகுதியும் பெரும்பாலும் வேண்டாம். மூன்று நாள், பத்து மாடு, நூறு ரூபாய். மூன்று நாட்கள் என்பதும் பிழை இல்லை, ஆனால் "31 பேர்கள்" என்று எழுதினால் நான் சிவப்பு மை எடுப்பேன்.

பேருக்குப் பின்னால் வரும் "அவர்கள்" என்பதில் மட்டும் கவனம். மரியாதையை மிகைச்சொல் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் தடவை வரும் இடத்தில் கட்டாயம் இருக்கட்டும். ஊரில் அது மனவருத்தம் ஆகிவிடும், நியாயமான வருத்தமும்கூட.

முடுக்குவீடு (மேலப்பாளையம்), திங்கள் இரவு 10.20

பெரியவர் பத்தியில் முதல் இரண்டு வரியும் ஒன்றுதான். ஒன்று போதும். எது என்றால் முதல் வரி. "பள்ளிக்கூடம்னா வேப்பமரம்தான்" என்பதில் மரத்தடியும் நடப்பதும் அடங்கிவிட்டது. "மழை வருமா மழை வருமா" தொடாதீர்கள், தயவுசெய்து. அதில் ஐந்து வயசுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

வடலி (ஏரல் பக்கம்), திங்கள் இரவு 10.35

"வயல் கிடந்துச்சு" என்பதை "வயல் இருந்ததால்" என்று ஆக்கியதுதான் எனக்கு வலிக்கிறது. கிடந்துச்சு என்றால் காய்ந்துபோய், தண்ணீர் வராமல், விதைக்க முடியாமல் கிடந்தது என்று அர்த்தம். வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கிற கடைமடைக்காரருக்குத்தான் அந்தச் சொல் வரும். அப்புறம் அந்த "ஆல்" வேண்டாம். வாத்தியார் வானத்தைப் பார்த்தார் என்று முதலில் சொல்லி, கேட்பவர் ஏன் என்று நினைக்கும் நேரத்தில் காரணத்தைச் சொல்கிறார். நீங்கள் காரணத்தை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

கால்வாய்க்கரை (பாளையங்கோட்டை), புதன் இரவு 8.15

பெரியவர் பத்தி இப்போது இப்படி:

"அப்போது எங்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வேப்பமரம்தான். மழை வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. மழை வருமா மழை வருமா என்று வானத்தையே பார்த்துக்கொண்டு இருப்போம். வாத்தியாரும் வானத்தைப் பார்ப்பார். அவருக்கும் மழை வேண்டும், அவருக்கு வயல் கிடந்தது."

ஒரு வரிதான் போனது. எழுத்து நடைக்கு மாற்றினேன், வேறு எதுவும் செய்யவில்லை.

இன்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், "எல்லாம் சரி. ஆனா அது வேப்பமரம் இல்ல, பூவரசு. பேரன்கிட்ட பூவரசுன்னுதான் சொன்னேன்" என்றார். பேரன் மரத்தடிப் பள்ளிக்கூடம் என்றால் வேம்புதான் என்று நினைத்து எழுதியிருக்கிறான். நாம் இத்தனை பேர் அந்த வரியை அத்தனை தடவை புரட்டிப் பார்த்தோம், அந்தச் சொல்லைக் கேட்கத் தோன்றவில்லை. மாற்றிவிட்டேன்.

வடலி (ஏரல் பக்கம்), புதன் இரவு 8.30

பூவரசு என்றால் இலையைச் சுருட்டி பீப்பீ ஊதியிருப்பார்களே. கேட்டீர்களா?

கால்வாய்க்கரை (பாளையங்கோட்டை), புதன் இரவு 8.50

கேட்டேன். அதற்கு இன்னும் நாலு வரி சொன்னார். வாத்தியார் வயலைப் பார்க்கப் போகும் நேரம் ஊதுவார்களாம். பக்கம் இப்போது 65-இல் நிற்கிறது. வாழ்த்துச் செய்திகளில் இரண்டைச் சேர்த்து ஒரு பக்கம் ஆக்கி, அந்த நாலு வரிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.